காணாமல் கொடுத்த பரிசு

தியானப் பகுதி: மத்தேயு 6:1–6, 1 கொரிந்தியர் 9:14–18



இந்த வாரத் தியானம் ஓர் அறிக்கையிடுதலும் ஆகும். கடந்த ஆண்டு லெந்து நாட்கள் முதல் நான் ஈடுபட்டிருந்த ஒரு காரியம் உங்களில் சிலருக்குத் தெரியும். தெரிந்தவர்களும் அதன் பாதியையே அறிவார்கள். மறுபாதியை நானே சொல்லுவது நலமென்று கண்டு இதை எழுதுகிறேன்.

நம் வாலிபர் ஐக்கியத்தைச் சேர்ந்த தம்பி ஒருவர், பெங்களூரில் கணினி வேலை பார்ப்பவர், விடுமுறைக்கு வந்திருந்தபோது ஒரு மாலை என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார்.

"ஐயா, நீங்க வாரம் தவறாம எழுதுறீங்க. அதையே நான் சொல்ற தளத்துல போட்டீங்கன்னா, படிக்கிறவங்க ஓட்டுப் போடுவாங்க. ஓட்டுக்குத் தக்கபடி காசு வரும்" என்றார்.

"யார் கொடுக்கிற காசு, தம்பி?"

"யாரும் கையில இருந்து கொடுக்கிறதில்லைங்க ஐயா. அந்தத் தளமே தினமும் புதுசா நாணயம் உண்டாக்கும். அதை எழுதுறவங்களுக்கும் ஓட்டுப் போடுறவங்களுக்கும் பிரிச்சுக் கொடுத்துடும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் மறுக்கவில்லை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு புத்தக அலமாரி வாங்க வேண்டுமென்ற எண்ணம் நெடுநாளாக இருந்தது. அதற்கு உதவும் என்று வாய்திறந்து சொன்னேன். வாய்திறந்து சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பிரசங்கம் செய்கிறவன் நான். ஒரு ஞாயிறில் என் சொல்லைக் கேட்பவர்கள் நூற்றுச் சொச்சம் பேர். கடல் கடந்து ஆயிரம் பேர் வாசிக்கக்கூடும் என்ற நினைவு, ஐம்பது வயதைக் கடந்த ஒரு போதகனின் உள்ளத்தையும் அசைக்கும் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இவ்வகைத் தளம் எவ்வாறு நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும். நம் பிள்ளைகள் பலர் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். யூடியூபை நாம் அறிவோம். அங்கே விளம்பர வருமானத்தில் பங்கு பெற, 1000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்று 2018இல் விதி வகுக்கப்பட்டது. ஆனால் விளம்பரம் இல்லாமலேயே, வாசகரின் ஓட்டைக் கொண்டு எழுத்துக்குக் கூலி தரும் ஏற்பாட்டைப் பெரிய அளவில் தொடங்கியது 'ஸ்டீமிட்'. நெட் ஸ்காட், டேனியல் லாரிமர் என்னும் இருவர் 2016இல் அமெரிக்காவில் அதைத் தொடங்கினார்கள். அவ்வாண்டு ஜூலை 4ஆம் நாள் முதல் கூலி வழங்கப்பட்டது. 'ஸ்டீம்' என்னும் மின்னாணயமே அங்கே கூலி. அந்த நாணயம் 2018 ஜனவரியில் 8 டாலர் அளவைத் தொட்டது. அவ்வாண்டு முடியுமுன்னே அரை டாலருக்கும் கீழே விழுந்தது. 2020 பிப்ரவரியில் ஸ்டீமிட் நிறுவனம் ஜஸ்டின் சன் என்னும் செல்வரின் கைக்கு மாறியது. அதை ஏற்காத எழுத்தாளர்களும் தொழில்நுட்பத்தாரும் அடுத்த மாதம் 20ஆம் நாளில் 'ஹைவ்' என்ற பெயரில் தனியே பிரிந்து போனார்கள். சபைப் பிரிவினைகளின் வரலாற்றைப் படித்தவனாகிய எனக்கு அந்தக் கதையில் புதிதாக ஒன்றும் தோன்றவில்லை.

அங்கே ஓட்டுகள் சமமானவை அல்ல. ஒருவர் எவ்வளவு நாணயத்தைச் சேர்த்து வைத்திருக்கிறாரோ, அவ்வளவு எடை அவருடைய ஓட்டுக்கு உண்டு. பெருஞ்செல்வம் வைத்திருப்பவரைத் திமிங்கிலம் என்றும், என்னைப் போன்ற புதியவரைச் சிறுமீன் என்றும் அழைக்கிறார்கள். நூறு சிறுமீன்கள் மனமுருகி வாசித்து இடும் ஓட்டைவிட, ஒரு திமிங்கிலம் போகிற போக்கில் இடும் ஓட்டு கனமானது. ஒரு கட்டுரைக்குக் கூலி சேருவது ஏழு நாட்கள் மட்டுமே. எட்டாம் நாளில் அதை வாசித்து ஒருவர் மனந்திரும்பினாலும் கணக்கில் அது ஏறாது. தண்ணீர்மேல் போட்ட ஆகாரம் அநேக நாட்களுக்குப் பின்பு கிடைக்கும் என்று பிரசங்கி கற்பித்ததை நம்பி எழுதுகிறவனுக்கு, ஏழு நாள் கெடு விநோதமாகவே இருந்தது.

நான் சேர்ந்தது இதே வழியில் பின்னர் வந்த தளங்களுள் ஒன்று. அதன் பெயர் இங்கே தேவையில்லை.

தொடக்க நாட்களின் மகிழ்ச்சியை நான் மறுக்கமாட்டேன். முதல் தியானத்துக்கு ஒன்பது ஓட்டுகள். முகமறியாத ஒருவர் "வருக" என்று எழுதியிருந்தார். முதல் மாத முடிவில் ரூபாய்க் கணக்கில் 170 சேர்ந்தது. அந்தச் சிறு தொகையை என் மனைவியிடம் மும்முறை சொன்னேன். "நூத்தி எழுபது ரூபாய்க்கு இத்தனை சந்தோஷமா?" என்று அவள் கேட்டபோது எனக்கே வெட்கமாயிருந்தது. ஊரில் பிரசங்கம் முடிந்தபின் வாசலில் கைகுலுக்கி, "இன்னைக்கு நல்ல செய்திங்க ஐயா" என்று நீங்கள் சொல்வதுண்டு. அது மரியாதைச் சொல்லா, உள்ளத்துச் சொல்லா என்று எனக்கு ஒருபோதும் தெரிந்ததில்லை. இங்கேயோ ஒரு எண் இருந்தது. எண் பொய் சொல்லாது என்று நம்பினேன்.

இரண்டாம் மாதத்தில் ஒரு காரியத்தைக் கவனித்தேன். வாசித்து முடிக்க ஏழெட்டு நிமிடங்கள் ஆகும் ஒரு தியானத்தை ஏற்றினேன். மூன்றாவது நொடியில் ஐந்து ஓட்டுகள் விழுந்திருந்தன. தம்பியைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். "அது ஆளுங்க இல்லைங்க ஐயா, இயந்திரம். தானா ஓட்டுப் போடுற மாதிரி செஞ்சு வச்சிருப்பாங்க" என்றார். காசு கொடுத்தால் நம் கட்டுரைக்கு ஓட்டளிக்கும் இயந்திரங்களும் இவ்வகைத் தளங்களில் பெருகியிருந்தன என்பதைப் பின்னர் அறிந்தேன். அதாவது, பரிசு உண்டு, பார்த்தவர் இல்லை.

அன்று இரவு எனக்கு நம் ஊரின் பழைய கதை ஒன்று நினைவுக்கு வந்தது. தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். அவன் ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்ததைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். ஆனால் அதே அதியமானிடம் பெருஞ்சித்திரனார் என்னும் வறிய புலவர் வந்தார் என்பதையும், அவர் பரிசிலை மறுத்துத் திரும்பினார் என்பதையும் பலர் அறியார். புறநானூற்றின் 208ஆம் பாட்டு அவருடையது. மலைகளைக் கடந்து பரிசில் நாடி வந்த அவரை அரசன் நேரில் காணவில்லை. பொருளை மட்டும் அனுப்பி, பெற்றுக்கொண்டு செல்லும்படி சொல்லிவிட்டான். புலவர் அதை ஏற்கவில்லை. என்னைக் காணாமலே தந்த பொருளை வாங்கிச் செல்ல நான் விலைபேசும் வணிகன் அல்லன் என்றார். என் தகுதியை அறிந்து கொடுத்தால் தினையளவும் எனக்கு இனிது என்றார்.

அவர் பசியற்றவராக இருந்து இதைச் சொல்லவில்லை. வீட்டின் வறுமையைப் பாடி வைத்துப் போனவர் அவர். பரிசில் வேண்டாம் என்பதும் அவர் கொள்கை அன்று. பரிசில் வாங்கவே வந்தார். காணாமல் கொடுத்ததே அவரைச் சுட்டது.

நம் தருமபுரிப் பட்டுக்கூடு அங்காடிக்குப் போயிருப்பீர்கள். உங்களில் சிலர் அங்கே கூடு கொண்டுபோய் விற்பவர்கள்தாம். ஏலம் கேட்க வரும் வியாபாரி என்ன செய்கிறார்? கூட்டைக் கையால் அள்ளிப் பார்க்கிறார், அழுத்திப் பார்க்கிறார், காதருகே குலுக்கிப் பார்க்கிறார். அதன் பிறகே விலை சொல்கிறார். விலை குறைந்தால் விவசாயிக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் என் கூட்டை அவன் பார்த்தான் என்ற நியாயம் உண்டு. பட்டுப்புழுவின் உழைப்புக்குக் கிடைக்கும் அந்த மரியாதை என் தியானத்துக்கு அங்கே கிடைக்கவில்லை என்று எண்ணி மனம் கசந்தேன். நான் பெருஞ்சித்திரனாரின் பக்கத்தில் நிற்பதாகவே அப்போது நினைத்துக்கொண்டேன். ஆனால் புலவரைப் போல நான் திரும்பிச் செல்லவில்லை. ஓட்டு எப்படி வந்தாலும் வரட்டும் என்று எழுதிக்கொண்டே இருந்தேன்.

அத்துடன், என்னுள் ஒரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. வேதவசனத்தை விளக்கி எழுதினால் ஓட்டுக் குறைவு. மனிதர்களின் துயரத்தை எழுதினால் ஓட்டு மிகுதி. இதை எவரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. அந்த எண்ணே கற்றுத்தந்தது. தலைப்பை மாற்றினேன். முதல் பத்தியிலேயே ஒரு கண்ணீரை வைத்தேன். வீடு சந்திப்புக்குச் செல்லும்போது, இதை எழுதலாமே என்று ஓர் எண்ணம் எனக்கு முன்னால் அந்த வீட்டுக்குள் நுழையத் தொடங்கியது.

இனிச் சொல்லப்போவதை, சம்பந்தப்பட்ட தாயாரின் அனுமதி பெற்றே எழுதுகிறேன். நம் சபையின் விதவைத் தாய் ஒருவரை நான் சந்திக்கச் சென்றேன். அவர் தம் பாரம் ஒன்றை என்னிடம் சொன்னார். ஜெபித்துத் திரும்பினேன். அந்த வாரமே அதைத் தியானமாக எழுதினேன். பெயர் இல்லை, ஊர் இல்லை. என் கட்டுரைகளிலேயே அதற்குத்தான் ஓட்டுகள் அதிகம். கூலி ரூபாய்க் கணக்கில் ஆயிரத்தைத் தாண்டியது. தம்பி பெருமகிழ்ச்சியோடு அதைச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தார். வெளியூரில் கட்டட வேலை செய்யும் அந்தத் தாயின் மகனும் அந்தக் குழுவில் இருக்கிறார்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் போனபின் அவர் வந்தார். கோபமாகப் பேசவில்லை. "பேரு போடலைங்க ஐயா, அது எனக்குத் தெரியும். ஆனா எம்மகன் படிச்சதும் கண்டுபிடிச்சுட்டான். அவங்கிட்ட சொல்லாம இருந்த விஷயங்க அது. தெரிஞ்சா அங்க வேலையில மனசு நிக்காதுன்னுதான் மறைச்சு வச்சிருந்தேன்" என்றார். பிறகு, "உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். வந்த பணத்தை அவரிடமே தந்துவிடுவதாகவும் சொன்னேன். அப்படிச் சொன்னது முதல் தவறைவிடப் பெரிய தவறு என்பதை, வாங்க மறுத்து அவர் தலைகுனிந்தபோது உணர்ந்தேன். கட்டுரையை அன்றே நீக்கினேன். ஆனால் இவ்வகைத் தளங்களில் எழுதியவை ஒரு தொடர் பேரேட்டில் பதிந்துவிடும். பக்கத்திலிருந்து மறைக்கலாம், பேரேட்டிலிருந்து அழிக்க இயலாது. கர்த்தர் மன்னித்தார் என்று விசுவாசிக்கிறேன். அந்தத் தாயும் மன்னித்தார். அந்த எழுத்து மட்டும் எங்கோ இன்னும் இருக்கிறது.

பெருஞ்சித்திரனாரின் பக்கம் நிற்பதாக நினைத்தேன் அல்லவா? அந்த இரவில் நான் அரசனின் பக்கம் நிற்பதைக் கண்டேன். வாசகர் என் எழுத்தைக் காணாமல் பரிசு கொடுத்தார்கள் என்று குறைப்பட்ட நான், என் எதிரே அமர்ந்து அழுத தாயைக் காணாமல் அவருடைய கண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

இறையியல் கல்லூரியில் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் படித்தபோது ஆசிரியர் விளக்கிய இரண்டு சொற்களை அண்மையில் மீண்டும் எடுத்துப் பார்த்தேன். மத்தேயு 6ஆம் அதிகாரத்தில், மனிதர் காணவேண்டும் என்று தர்மம் செய்கிறவர்கள் தங்கள் பலனைப் பெற்றாயிற்று என்று ஆண்டவர் சொல்லுகிறார். அங்கே வரும் 'அபெகோ' என்ற கிரேக்கச் சொல், அக்காலத்து வணிகர்கள் பற்றுச்சீட்டில் எழுதிய சொல். முழுத் தொகையும் வந்து சேர்ந்தது, இனி பாக்கி இல்லை என்பது அதன் பொருள். என் கைப்பேசியில் தெரிந்த எண்ணும் அத்தகைய சீட்டே. இரண்டாவது, 2 கொரிந்தியர் 2:17இல் பவுல் வழங்கும் சொல். சில்லறை வணிகன் சரக்கில் கலப்படம் செய்து விற்பதைக் குறிக்கும் சொல் அது. தேவ வசனத்தை நாங்கள் அப்படி விற்பதில்லை என்கிறார். தகடூரில் நின்று ஒரு புலவர் நான் வணிகன் அல்லன் என்றதும், கொரிந்து சபைக்கு ஒரு அப்போஸ்தலன் நான் வணிகன் அல்லன் என்றதும் எனக்கு ஒரே வாரத்தில் கேட்டன.

இதனால் எழுத்துக்குக் கூலி பெறுவது பாவம் என்று நான் கற்பிக்கவில்லை. சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்கள் அதனால் பிழைக்கலாம் என்பதை 1 கொரிந்தியர் 9ஆம் அதிகாரத்தில் பவுல் தெளிவாக நிலைநாட்டுகிறார். அதன் பிறகே, தாம் அந்த உரிமையைப் பயன்படுத்தவில்லை என்கிறார். நானும் உங்கள் காணிக்கையில் உண்கிறவன். ஆனால் நீங்கள் என்னைக் கண்டு கொடுக்கிறீர்கள். என் பிரசங்கம் நீண்டுபோன ஞாயிறுகளையும், என் வீட்டில் நோய் இருந்த நாட்களையும் நீங்கள் அறிவீர்கள். அறுப்பின் பண்டிகையில் ஒருவர் கொண்டுவந்து வைக்கும் ஒரு படி கேழ்வரகில் அந்த அறிதல் இருக்கிறது. அந்தரங்கத்தில் பார்க்கிற பிதா பலனளிப்பார் என்று ஆண்டவர் சொல்லும்போது, பலன் என்ற சொல்லையே இதுவரை கவனித்து வந்தேன். இப்போது பார்க்கிற என்ற சொல் என்னைத் தடுத்து நிறுத்துகிறது. கண்டு கொடுப்பவர் அவர். காணாமல் அவர் எதையும் கொடுப்பதில்லை.

அப்படியானால் அந்தத் தளத்தை விட்டுவிட்டேனா? இல்லை. அதையும் உள்ளபடியே சொல்கிறேன். வளைகுடா நாட்டில் செவிலியராக இருக்கும் நம் நாட்டுச் சகோதரி ஒருவர், இரவுப் பணி முடிந்து தமிழில் வாசிக்க ஏதேனும் கிடைக்காதா என்று தேடியபோது அங்கே என் தியானம் ஒன்றைக் கண்டதாக நான்கு வரி எழுதியிருந்தார். அவர் இட்ட ஓட்டின் மதிப்பு ஒரு பைசாவும் இல்லை. அவர் சிறுமீனிலும் சிறுமீன். ஆனால் என் கட்டுரையின் மூன்றாம் பத்தியில் இருந்த ஒரு பிழையை அவர் சுட்டிக்காட்டியிருந்தார். வாசித்திருக்கிறார்! பெருஞ்சித்திரனார் கேட்ட தினையளவு இதுதான் என்று கொண்டேன். அவருக்காக அங்கே எழுதுவதை நிறுத்த மனம் வரவில்லை.

ஆகையால் எனக்கென்று சில வரம்புகளை வைத்துக்கொண்டேன். எந்த வீட்டின் துயரமும் இனி என் எழுத்தில் வராது. வரவேண்டுமானால் அவ்வீட்டார் முன்கூட்டியே வாசித்துச் சம்மதிக்கவேண்டும். நான் முழுவதும் வாசிக்காத எதற்கும் ஓட்டளிக்கமாட்டேன். தியானம் முதலில் உங்களுக்கு எழுதப்படும். ஒரு வாரம் சென்றபின் அங்கே போகும். அந்தத் தாயின் கதையால் வந்த நாணயங்களை இன்னும் நான் தொடவில்லை. அலமாரியை வேறு காணிக்கையால் வாங்கினோம். நாணயங்களை என்ன செய்வதென்று சபைக் குழுவினர் சொல்லட்டும்.

வாலிபருக்கு ஒரு வார்த்தை. இவ்வகை நாணயம் இன்று உள்ள விலையில் நாளை இராது. இதை விற்றுப் பெறும் ஆதாயத்துக்கு நம் நாட்டில் 2022 ஏப்ரல் 1 முதல் 30 சதவீத வரி உண்டு. ஒன்றில் நேர்ந்த நட்டத்தை மற்றொன்றின் ஆதாயத்தில் கழிக்கவும் முடியாது. கணக்கின் இரகசியத் திறவுகோலைத் தொலைத்தால் மீட்டுத்தர எவரும் இல்லை. முன்பணம் கட்டினால் எழுதிச் சம்பாதிக்கலாம் என்று எவரேனும் அழைத்தால் அந்தப் பக்கமே போகவேண்டாம். எழுத ஆசையிருந்தால் எழுதுங்கள். கூலி வந்தால் நன்றியோடு பெறுங்கள். ஆனால் எண் உங்களுக்கு எதைக் கற்பிக்கிறது என்று மாதம் ஒருமுறையாவது சோதித்துப் பாருங்கள்.

நான் இன்னும் முழுவதும் விடுபட்டவன் அல்லன். இன்று காலையிலும் ஜெபத்துக்கு முன்பே கைப்பேசியில் அந்த எண்ணைப் பார்த்தேன். எனக்காக ஜெபியுங்கள்.

ஜெபம்: எங்களைக் காண்கிற தேவனே, நாங்கள் காணாமல் கடந்துபோன முகங்களுக்காக எங்களை மன்னியும். எங்களை நம்பிச் சொல்லப்பட்ட துயரங்களைக் காத்துக்கொள்ள எங்கள் நாவுக்கும் கைக்கும் காவல் வையும். எங்கள் உழைப்பின் பலனை உம்முடைய கரத்திலிருந்து பெற எங்களுக்குப் பொறுமை தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

உங்கள் ஊழியன்,
போதகர்